நாற்காலிக்குப் பின்னால் நிற்பவர்கள்

நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பவர்களை நான் மன்னிப்பதாக இல்லை.

திருவனந்தபுரத்தில் ஒரு கல்யாணச் சாப்பாட்டுக்காவது போயிருந்தால் யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். நீங்கள் இலை முன்னால் உட்கார்ந்திருக்கிறீர்கள். பருப்பு முடிந்து இப்போதுதான் சாம்பார் வந்திருக்கிறது. முதுகுக்குப் பின்னால் யாரோ வந்து நிற்கிறார்கள். பேச மாட்டார்கள். நாற்காலியின் சாய்மானத்தில் கை வைப்பார்கள். கைப்பை உங்கள் தோளில் இடிக்கும். பிறகு உங்கள் தலைக்கு மேலாக இலையை எட்டிப் பார்ப்பார்கள். இந்த ஆளுக்கு இன்னும் பாயசம் வரவில்லை, ரசம் வரவில்லை, மோர் வரவில்லை என்று மனதுக்குள் கணக்குப் போடுவது உங்கள் பிடரியில் தெரியும். அதற்குப் பிறகு வாயில் வைக்கும் எதுவும் ருசிக்காது.

இதே ஆட்கள் வேறெங்கும் இப்படி இல்லை. கடையில் வரிசையில் நிற்பார்கள். பேருந்தில் தெரியாமல் தோள் பட்டால் முறைப்பார்கள். காலையில் எழுந்ததும் செய்தித்தாளைக் கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு உலக நியாயம் பேசுவார்கள். கல்யாண மண்டபத்தில் கெட்டிமேளம் கொட்டும்போது திரும்பிப் பாருங்கள். பாதிக் கூட்டம் மணமக்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்தின் கதவருகே நிற்கும். உள்ளேயிருந்து சமையல்காரரின் ஆட்கள் கதவைத் தள்ளிப் பிடித்திருப்பார்கள். வெளியே இருந்து பட்டுச் சேலைகளும் சரிகைக் கரை போட்ட கசவு வேட்டிகளும் தள்ளும். ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி ஒருவர் அந்தத் தள்ளுமுள்ளில் ஒற்றைச் செருப்பைத் தொலைத்துவிட்டு, மறு செருப்போடு உள்ளே ஓடி இடம் பிடித்ததை நானே பார்த்திருக்கிறேன். அன்று சிரித்தேன். இப்போது சிரிப்பு வருவதில்லை.

எரிச்சலாக இருந்தது கோபமாக மாறியது என் கணவருக்குப் பக்கவாதம் வந்த பிறகுதான்.

அவர் முன்பு எப்படிச் சாப்பிடுவார் என்று சொல்லிவிட வேண்டும். அதைச் சாப்பிடுவது என்று சொல்ல எனக்கு மனம் வராது. பிசைவார், உருட்டுவார், உள்ளே போடுவார். பல் என்ற ஒன்று எதற்காக இருக்கிறது என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. நான் விடிவதற்கு முன் எழுந்து தேங்காய் அரைத்து, காயை ஒரே அளவில் நறுக்கி அவியல் வைத்திருப்பேன். அவர் கரமனையிலிருந்து பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் அதை நின்றபடியே விழுங்கிவிட்டுப் போவார். என்ன காய் போட்டிருந்தேன் என்று சாயங்காலம் கேட்டால் தெரியாது. கல்யாண வீடுகளில் இது அவருக்கு ஒரு பெருமை. பக்கத்து இலைக்காரர் ரசத்துக்கு வருமுன் இவர் இலையை மடக்கியிருப்பார். "அண்ணாச்சிக்குப் பின்னால நிக்கவன் குடுத்து வச்சவன்" என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். அவர் பல்லைக் காட்டிக்கொண்டு கை கழுவப் போவார்.

மத்தியானச் சாப்பாடு அலுவலகத்தில். அரசாங்க வேலை. மேசையில் கோப்பு திறந்திருக்கும், அதன் மேலேயே டப்பாவும் திறந்திருக்கும். மேலதிகாரி தொலைபேசியில் கூப்பிடுவார். வாயில் இருப்பதைத் தண்ணீர் ஊற்றி உள்ளே தள்ளிவிட்டு "எஸ் சார்" என்பார். சட்டைப் பையில் எப்போதும் வயிற்றெரிச்சல் மாத்திரை அட்டை ஒன்று இருக்கும். சாயங்காலம் நெஞ்சைத் தடவிக்கொண்டு வந்து நாற்காலியில் சாய்வார். அப்புறம் எனக்குத் தீர்ப்பு வரும்.

"உன் கொழம்புல காரம் கூடிப்போச்சு."

நான் மிளகாயைக் குறைத்தேன். மறுபடியும் சொல்வார், மறுபடியும் குறைப்பேன். ஒரு கட்டத்தில் குழம்பில் மிளகாயே இல்லை, அவருக்கு எரிச்சல் மட்டும் அப்படியே இருந்தது. மேலதிகாரியின் குரலை எந்தக் குழம்பிலிருந்து குறைப்பது என்று எனக்கு அப்போது தெரியவில்லை. அலுவலகத்துக்கும் அடுப்புக்கும் இடையில் ஒரு மனுஷனின் நெஞ்சு எரிந்தால் பழி அடுப்பின் மேல்தான் விழும். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குக் கை துறுதுறுக்கிறது.

ஓய்வு பெற்று அதிக காலம் ஆகவில்லை. ஒரு காலையில் பல் தேய்க்கும் பிரஷ் அவர் கையிலிருந்து விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவர் எழவில்லை.

கையும் காலும் மெல்ல மெல்லத் திரும்பின. பேச்சு குழறலாகத் திரும்பியது. தொண்டைதான் திரும்பவில்லை. நமக்கெல்லாம் விழுங்குவது என்பது ஒரு வேலையே இல்லை. சோறு தன்னால் போகிறது, மூச்சு தன்னால் ஒதுங்கி வழி விடுகிறது. அவருக்கு அந்த ஒதுங்கல் தவறிப்போயிருந்தது. இது தெரியாமல் ஆஸ்பத்திரியில் பார்க்க வந்த யாரோ ஒரு புண்ணியவான், நாக்கு வறண்டிருக்கிறதே என்று அரை டம்ளர் தண்ணீர் கொடுத்துவிட்டார். தண்ணீர் நெஞ்சுக்குள் போய்ச் சளியாகி, காய்ச்சலாகி, தீவிர சிகிச்சைப் பிரிவில் கொண்டுபோய் விட்டது. அதற்குப் பிறகு மூக்கு வழியாகக் குழாய். குழாயில் ஊற்றும் கஞ்சியை அவர் பார்க்க மாட்டார், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். ஒரு நாள் பிடுங்கி எறிந்துவிட்டார். மறுபடியும் குழாயைப் போட்டுக் கையைக் கட்டிலோடு கட்டினார்கள். முப்பது வருடத்துக்கு மேல் என் சமையலை ஒரு வாய் ருசிக்காமல் விழுங்கிய மனிதர், விழுங்கத்தான் ஆசைப்பட்டு அழுதார். நான் அழவில்லை. எனக்கு ஆத்திரம்தான் வந்தது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

விழுங்கக் கற்றுக் கொடுப்பதற்கென்று அந்த ஆஸ்பத்திரியில் ஒரு பெண் இருந்தாள். மலையாளி. என் தமிழைக் கேட்டுக் கேட்டுத் தானும் ஒரு மாதிரித் தமிழ் பேசுவாள்.

"ஆன்ட்டி, சோறு செரிக்கத் தொடங்குறது வயித்தில அல்ல கேட்டோ. வாயிலயாக்கும். நல்லா மென்னா உமிநீர் சேர்ந்து சோறு இனிக்கும். அப்புறம் தொண்டை, அப்புறம்தான் வயிறு. முதல் ரெண்டு எடத்தையும் விட்டுட்டு எல்லாரும் வயித்துக்கு மருந்து தின்னுது."

சோறு இனிக்கும் என்பதை நான் நம்பவில்லை. வாயில் போட்டு மென்று பார்க்கவும் அப்போது நேரமில்லை.

அவள் சொன்ன முறை இதுதான். நிமிர்ந்து உட்கார வேண்டும். சின்னச் சின்ன வாய். நன்றாக மெல்ல வேண்டும். பிறகு நாடியை, அதாவது மோவாயை, நெஞ்சோடு சேர்த்துத் தாழ்த்தி விழுங்க வேண்டும். வாயில் ஒன்றும் இல்லாவிட்டாலும் இன்னொரு முறை விழுங்க வேண்டும். வாய் காலி என்று காட்டிய பிறகே அடுத்த வாய். சாப்பிடும்போது பேச்சு கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியம், தண்ணீர் மாதிரி ஓடுகிற எதுவும் கூடாது. கெட்டியாக இருப்பதைத் தொண்டை பிடித்துக்கொள்ளும், நீர் ஏமாற்றிவிட்டு நெஞ்சுக்குள் ஓடிவிடும். குடிக்கிற தண்ணீரில்கூட ஒரு மாவைக் கலந்து கூழாக்கித்தான் கொடுக்க வேண்டும். குழாய் கழன்று வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டர் ஒன்றைச் சொன்னார். இன்னொரு முறை நெஞ்சில் தண்ணீர் போனால் மூக்கில் அல்ல, வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைக்க வேண்டிவரும், அது பிறகு எடுக்கிற குழாய் இல்லை. என் கணவர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். என் சேலைத் தலைப்பைப் பிடித்திருந்த அவர் விரல் இறுகியது.

வீட்டுக்கு வந்ததும் சொந்தக்காரர்கள் வரத் தொடங்கினார்கள், கையில் பிளாஸ்கோடு.

எல்லா பிளாஸ்கிலும் ரசம். இல்லையென்றால் கஞ்சித் தண்ணி. அதுவும் இல்லையென்றால் ஆரஞ்சுச் சாறு. நம் ஆட்களுக்கு நோயாளி என்றால் நீர். நீர் என்றால் லேசு, லேசு என்றால் சீக்கிரம் செரிக்கும். இதற்கு மேல் யாரும் எதையும் யோசிப்பதில்லை. நான் பருப்பையும் சோற்றையும் குழைத்து, தயிரைக் குறுக்கி வைத்த காளனோடு கொடுப்பதைப் பார்த்து என் கணவரின் அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஏட்டி, சீக்காளிக்கு யாராவது இப்படிக் கெட்டியாக் குடுப்பாளா? அவன் தொண்டை என்னத்துக்கு ஆகும்? ஒரு வாய் ரசத்த ஊத்து, தன்னால எறங்கும்."

"எறங்கும், நெஞ்சுக்குள்ள எறங்கும்" என்றேன். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். கேட்டுக்கொண்டுவிட்டு, நான் அடுக்களைக்குப் போன நேரம் பார்த்து ரசத்தை டம்ளரில் ஊற்றினாள். நல்ல வேளை, இவர் வாயை இறுக்கி மூடிக்கொண்டார்.

ரசம் கொண்டுவராதவர்கள் கேள்வி கொண்டுவந்தார்கள். சரியாகச் சாப்பாட்டு நேரத்துக்கு வந்து எதிரில் உட்காருவார்கள். "கையத் தூக்குங்க பாப்போம்." "என்னைத் தெரியுதா? என் பேரு சொல்லுங்க பாப்போம்." பள்ளிக்கூடத்துப் பரீட்சை மாதிரி. அப்போதுதான் நான் ஒன்றைக் கவனித்தேன். அதே சோறு, அதே குழைவு. நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தால் வாயில் வைத்தவுடன் உதட்டோரம் ஈரம் கட்டும், மெல்வார், விழுங்குவார். எதிரில் ஒரு ஆள் உட்கார்ந்து கேள்வி கேட்டால் நாக்கு வறண்டுவிடும். சோறு கன்னத்தில் ஒதுங்கி உருண்டையாக அப்படியே நிற்கும், தொண்டை அசையாது. அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த மலையாளிப் பெண்ணிடம் சொன்னபோது அவள் ஆச்சரியப்படவில்லை.

"பேடிச்சா, பயந்தா, உமிநீர் வத்தும் ஆன்ட்டி. டென்ஷன்ல தொண்டை முறுகும், வயிறும் நின்னுபோகும். நமக்கும் அப்படித்தான். நமக்குத் தொண்டை நல்லா இருக்குறதுனால தெரியறதில்ல, அவ்வளவே."

எனக்குத் தலையில் யாரோ குட்டியது மாதிரி இருந்தது. அலுவலக மேசையும் "எஸ் சார்" என்ற சொல்லும் சட்டைப் பை மாத்திரையும் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தன. வறண்ட வாயோடு மெல்லாமல் தள்ளிய சோறு, மடக் மடக்கென்று தண்ணீர், எரிகிற நெஞ்சு, கடைசியில் மிளகாயில்லாத என் குழம்பு. வீட்டுக்கு வந்து அவரோடு சண்டை போடலாமா என்று நினைத்தேன். பதில் சண்டை போட அவருக்குப் பேச்சு வராது. விட்டுவிட்டேன்.

சாப்பாட்டு நேரத்தில் யாருக்கும் கதவைத் திறப்பதில்லை என்று வைத்தேன். திமிர் பிடித்தவள், புருஷனைப் பூட்டி வைத்திருக்கிறாள் என்று பேர் வந்தது. வரட்டும். மூன்று வேளையும் அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்று நான் சொல்லிக்கொண்டிருப்பேன். "மெல்லுங்க. நாடியத் தாழ்த்துங்க. முழுங்குங்க. இன்னொரு தடவ." அவர் சாப்பிட்டு முடித்துக் காற்றாட உட்கார்ந்த பிறகு, நான் அடுக்களையில் நின்றபடியே எதையாவது வாயில் போட்டுக்கொள்வேன்.

அப்படி இருக்கும்போதுதான் அவர் தம்பி மகளின் கல்யாணம் வந்தது. தம்பி விழிஞ்ஞத்தில் துறைமுகக் கட்டுமானத்தில் ஒப்பந்த வேலை செய்கிறார். பெரிய ஆட்களின் பழக்கம், பெரிய கூட்டம். மண்டபம் தம்பானூர்ப் பக்கம். அழைக்க வந்தபோது, வந்து தலையைக் காட்டிவிட்டு வந்துவிடுகிறோம் என்று நான் சொன்னேன். என் கணவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அவர் ஒரு வாக்கியத்தைக் கட்டி முடிக்க நேரம் ஆகும். நாங்கள் காத்திருந்தோம்.

"பந்தியில... இருந்து... சாப்பிடணும்."

தம்பிக்குக் கண் நிறைந்துவிட்டது. "மைனி, நீங்க ஒண்ணுக்கும் கவலைப்படாதீங்க. முன்னாலயே பக்கத்துக் கதவு வழியா கூட்டிட்டுப் போயி மூலையில உக்கார வச்சிருதேன். பின்னால ஒரு ஈ, காக்கா நிக்காது. நான் பாத்துக்கிடுதேன்."

பெண்ணைப் பெற்றவன் கல்யாணத்தன்று எதைத்தான் பார்ப்பான்? எனக்கு அது தெரிந்திருந்தும் சம்மதித்தேன். பந்தியில் உட்காருவது என்றால் நம் ஆட்களுக்கு நாலு பேரில் ஓர் ஆளாக இருப்பது. அதை அவரிடமிருந்து பிடுங்க எனக்கு மனம் வரவில்லை.

தாலி கட்டும் முன்பே எங்களைப் பக்கத்துக் கதவு வழியாக உள்ளே விட்டார்கள். காலியான கூடம், நீள மேசைகள், மேலே விரித்த வெள்ளைத் தாள், வரிசையாக இலைகள். பரிமாறுகிறவர்கள் அப்போதுதான் ஓரத்துக் கறிகளை வைத்துக்கொண்டு வந்தார்கள். இஞ்சிக்கறியின் மணம் எழுந்தது. அவர் இலையைப் பார்த்துச் சிரித்தார். உதட்டோரம் ஈரம் கட்டுவதை நான் பார்த்தேன். அந்த ஈரத்துக்காகவே வந்தது தப்பில்லை என்று நினைத்தேன். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பருப்பையும் நெய்யையும் விட்டுச் சோற்றை மசித்துக் கொடுத்தேன். முதல் வாய். மென்றார், நாடியைத் தாழ்த்தினார், விழுங்கினார். கண்ணை மூடி இன்னொரு முறை. வாயைத் திறந்து காட்டினார், காலி. வேறு யாரும் இல்லாத கூடத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தோம்.

கெட்டிமேளம் கேட்டது. கதவு திறந்தது.

அந்தச் சத்தத்தை நீங்கள் உள்ளேயிருந்து கேட்டிருக்க மாட்டீர்கள். நான் அன்றுதான் கேட்டேன். நாற்காலிகள் இழுபட்டன, யாரோ யாருக்கோ இடம் பிடித்தபடி கத்தினார்கள், குழந்தை ஒன்று அழுதது. கண் மூடித் திறப்பதற்குள் கூடம் நிறைந்தது. அதற்கடுத்த நிமிடம் இடம் கிடைக்காதவர்கள் நாற்காலிகளுக்குப் பின்னால் வந்து நின்றார்கள். எங்கள் மூலைக்கும் ஆள் வந்தது. தம்பி மேடையில் மாப்பிள்ளை வீட்டாரோடு படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

என் கணவர் நாற்காலிக்குப் பின்னால் ஒரு பெண். கனத்த சேலை, கனத்த கைப்பை. சாய்மானத்தில் கை வைத்தாள். அவர் முதுகு விறைத்தது. "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, முடியாதவர்" என்று சொன்னேன். தள்ளி நின்றாள், ஒரு சாண். பிறகு பழைய இடத்துக்கே வந்தாள்.

பரிமாறுகிறவர்களுக்கு அடுத்த பந்தி கவலை. நாங்கள் இன்னும் பருப்பில் இருந்தோம், இலையில் சாம்பார் விழுந்தது. வேண்டாம் என்று கை காட்டுவதற்குள் ஒருவர் போளியை வைத்து அதன் மேல் பால் பாயசத்தை ஊற்றினார். ரச வாளி வந்தது. எதிர் வரிசையில் ஏற்கெனவே இலையை மடித்துவிட்டார்கள். ஒருவர் எழுந்தால் வரிசையே எழுந்துவிட வேண்டும், அது ஒரு மரியாதையாம். எங்கள் வரிசையும் எழுந்தது. அந்தக் கோடியில் ஒரு ஆள் மேசைத் தாளை இலைகளோடு சேர்த்துச் சுருட்டத் தொடங்கினான். எச்சில் இலை, கறி, சோறு எல்லாம் ஒரே சுருளாக உருண்டு எங்களை நோக்கி வந்தது.

"சேச்சீ, கழிஞ்ஞில்லே?" இன்னும் முடியவில்லையா என்று பின்னால் நின்றவள் என்னைக் கேட்டாள்.

நான் அவளுக்குப் பதில் சொல்லத் திரும்பினேன். அந்த நேரத்தில் என் கணவர் இலையைப் பார்க்கவில்லை, உருண்டு வருகிற சுருளைப் பார்த்தார். பழைய ஆள் அவருக்குள் எழுந்துவிட்டார் போல. கையை வீசி ஒரு பெரிய உருண்டையை எடுத்து வாய்க்குள் தள்ளினார். மெல்லவில்லை. வறண்ட வாய். நாடியைத் தாழ்த்தாமல் தலையை நிமிர்த்தி விழுங்கப் பார்த்தார்.

புரையேறியது.

முகம் சிவந்து கண் பிதுங்கியது. இருமல் பாதியிலேயே நின்று நின்று வந்தது. அதுவரை எங்களை இடமாக மட்டும் பார்த்த கூட்டம் இப்போது உதவிக்கு வந்தது. ஒருவர் உச்சந்தலையில் தட்டினார். "யாரோ நெனைக்காங்க" என்று யாரோ சொன்னார்கள். கல்யாண வீட்டில் அத்தனை பேரும் இருக்கும்போது வெளியிலிருந்து யார் வந்து நினைப்பார்கள்? "தண்ணி குடு, தண்ணி குடு" என்று நாலு பக்கமும் குரல். கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர் அக்கா ஓடிவந்தாள், கையில் டம்ளர் நிறையத் தண்ணீர். "தம்பி, குடிப்பா" என்று அவர் தலையைப் பின்னால் சாய்த்து வாயருகே கொண்டுபோனாள்.

நான் அவள் கையைத் தட்டிவிட்டேன். தட்டியது என்று சொல்வது மரியாதைக்கு. அடித்தேன். டம்ளர் பறந்து தண்ணீர் முழுவதும் பின்னால் நின்றவளின் சேலையில் கொட்டியது.

"தொடாதீங்க! ஒருத்தரும் தொடாதீங்க! தள்ளிப் போங்க எல்லாரும்!"

என் குரல் இவ்வளவு பெரிதா என்று எனக்கே தெரியாது. கூடம் முழுவதும் அப்படியே நின்றது. நான் அவரை முன்னால் குனிய வைத்து முதுகில் கை வைத்துக்கொண்டேன். "இருமுங்க. அவசரமில்ல. இருமுங்க." இருமினார். இன்னும் இருமினார். அந்த உருண்டை இலையில் வந்து விழுந்தது. மூச்சு உள்ளே போகும் சத்தம் கேட்டது.

அன்று சாயங்காலமும் மறுநாளும் நான் அவர் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டபடி இருந்தேன், காய்ச்சல் வரவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அப்போது அது தெரியாது. அப்போது தெரிந்ததெல்லாம், கல்யாணப் பந்தியில் ஒரு மனிதர் எல்லோர் முன்னாலும் இலையில் துப்பிவிட்டார், அவர் பெண்டாட்டி நாத்தனாரை அடித்துவிட்டாள் என்பதுதான். அக்கா கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மேடையிலிருந்து ஓடிவந்த தம்பி தாழ்ந்த குரலில், "மைனி, மாப்பிள வீட்டுக்காரங்க பாக்காங்க. அண்ணனுக்கு வீட்டுக்குச் சாப்பாடு குடுத்து விடுதேன்" என்றார். சேலை நனைந்தவள் அதை உதறிக்கொண்டே நின்றாள். இவ்வளவுக்குப் பிறகும் அவள் நாற்காலிக்குப் பின்னால்தான் நின்றாள், அந்த இடம் போய்விடக் கூடாதே என்று!

எழுந்து போய்விடலாம் என்று நான் அவர் கையைப் பிடித்தேன். அவர் எழவில்லை. பரிமாறுகிறவரைப் பார்த்து இலையைக் காட்டினார்.

"வேற... எல."

இலை வந்தது. சோறு வந்தது, பருப்பு வந்தது. சுருட்டுகிற ஆள் சுருளை மேசை நடுவில் விட்டுவிட்டு ஓரமாக நின்றான். நான் மசித்துக் கொடுத்துவிட்டு எழுந்து, அந்தப் பெண்ணைத் தோளால் ஒதுக்கி அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன், கூட்டத்தைப் பார்த்தபடி. இனி என்னைத் தாண்டி ஒருத்தி கை வைக்கட்டும் பார்க்கலாம் என்று நின்றேன். பின்னால் அவர் மெல்லும் சத்தம் கேட்டது. தலையை மட்டும் திருப்பி, வீட்டில் சொல்கிற மாதிரியே சொன்னேன். "நாடியத் தாழ்த்துங்க."

அவர் விழுங்கினார். இன்னொரு முறை விழுங்கினார். பிறகு திரும்பாமலேயே சொன்னார்.

"நீயும்... பின்னால... நிக்காத."

எனக்குப் புரியவில்லை.

"உக்காரு," என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "தின்னு" என்றார். பக்கத்தில் என் இலையைக் காட்டினார். அதில் வைத்த கறி வைத்தபடி இருந்தது. நான் வந்ததிலிருந்து ஒரு வாய் எடுத்திருக்கவில்லை. அவர் நோயில் படுத்ததிலிருந்து நான் உட்கார்ந்தே சாப்பிட்டிருக்கவில்லை.

உட்கார்ந்தேன். சோற்றை எடுத்து வாயில் வைத்தேன். வாய் காய்ந்த தோசைக்கல் மாதிரி இருந்தது. சோறு கன்னத்தில் ஒதுங்கி நின்றது, தொண்டை அசையவில்லை. இப்படித்தான் இருந்திருக்கிறதா அவருக்கு, ஒவ்வொரு வேளையும், பின்னால் நான் நின்று சொல்லச் சொல்ல? சுற்றிலும் ஒரு கூடமே பார்த்துக்கொண்டிருந்தது. பின்னால் கைப்பை என் தோளில் இடித்தது.

"மெல்லு," என்றார் அவர்.

மென்றேன்.

"நாடி."

தாழ்த்தினேன். இறங்கவில்லை. இன்னும் மென்றேன். பின்னால் நிற்பவளுக்காக அவசரப்படுவதில்லை என்று, வேண்டுமென்றே, மென்றுகொண்டே இருந்தேன். எங்கிருந்தோ மெல்ல வாய் நனைந்தது. அப்போது சோறு இனித்தது. பாயசம் எதுவும் சேரவில்லை, வெறும் பருப்புச் சோறுதான். இத்தனை வருடம் அதை வடித்து வடித்து எல்லோருக்கும் போட்டவளுக்கு அது இனிக்கும் என்று தெரிந்திருக்கவில்லை.

அதற்கும் எனக்குக் கோபம்தான் வந்தது. விழுங்கிவிட்டு அடுத்த வாய் எடுத்தேன்.